கட்டம் வளையமான கதை

1825ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் பிடல் ஏரி என்ற இளம் கணிதவியலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. புத்தகத்தைப் படிப்பதெல்லாம் தன் வலது கண்தான். இடது கண் திறந்திருந்ததே தவிர வேலை எதுவும் செய்யவில்லை. சாதாரணக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், பலனில்லை. அட்டையில் ஊசி முனையால் துளை போட்டு, அதன் வழியே வந்த வெளிச்சப் புள்ளியை இடது கண்ணால் மட்டும் பார்த்தார். புள்ளி தெரியவில்லை, ஒரு கோடு தெரிந்தது. அட்டையின் தூரத்தை மாற்றியபோது அந்தக் கோடு மறைந்து, அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு முளைத்தது.

கோளாறு பிடிபட்டுவிட்டது. அவருடைய விழி எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளைந்திருக்கவில்லை. ஒரு திசைக் கதிர்கள் ஓரிடத்தில் குவிந்தன, குறுக்குத் திசைக் கதிர்கள் வேறோர் இடத்தில் குவிந்தன. ஏரி ஒரு விசித்திரமான கண்ணாடியை வடிவமைத்தார். அதன் ஒரு முகம் வழக்கம்போல் கோளத்தின் துண்டு. மறுமுகம் உருளையின் துண்டு. இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடிக் கைவினைஞர் ஒருவர் அதைத் தேய்த்துக் கொடுத்தார். இன்று கண் டாக்டரின் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற இடத்தில் எழுதப்படும் எண் அந்த முயற்சியின் வாரிசு. இந்தப் பார்வைச் சிதறலைத் திருத்தியதோடு உருளைக் கண்ணாடியின் வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது. அதற்கான பெரிய வேலை 160 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது.

அந்த வேலைக்கு வேண்டிய கணக்கு பிரான்சில் தயாரானது. 1842இல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஷார்ல் எர்மீத்துக்கு வலது காலில் ஊனம். ஓராண்டு ஆனதும், உடல் தகுதி போதாது என்று படிப்பைத் தொடர விடாமல் தடுத்தார்கள். பிறகு தடை தளர்ந்தாலும், கூடவே வந்த நிபந்தனைகளை ஏற்காமல் அவர் வெளியேறினார். 1864இல் அவர் ஆராய்ந்த ஒரு பல்லுறுப்புக் கோவைக் குடும்பம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதே கல்லூரியில் பின்னாளில் படித்த எட்மோன் லாகெர், பத்தாண்டுக் காலம் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்துவிட்டுக் கணிதத்துக்குத் திரும்பியவர். 1879இல் வேறொரு தொகையீட்டுக் கணக்கைத் தீர்க்கப் போன இடத்தில் அவருக்கும் ஒரு கோவைக் குடும்பம் சிக்கியது. இரண்டு குடும்பங்களுக்கும் அன்று ஒளியோடு எந்த ஒட்டும் இல்லை.

லாகெர் 1886இல் 52 வயதில் இறந்துபோனார். சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைத் தொகுக்கும் பொறுப்பை பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஆதரவில் மூவர் ஏற்றார்கள். மூவரில் ஒருவர் முதுமை எய்திவிட்ட எர்மீத். இன்னொருவர் கணிதவியலாளர் ஆன்றி புவான்கரே. 1898இல் முதல் தொகுதி வெளிவந்தபோது எர்மீத், லாகெர், புவான்கரே என்ற மூன்று பெயர்களும் ஒரே முகப்புப் பக்கத்தில் அச்சாகின. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அதே மூன்று பெயர்களும் இன்னொரு காகிதத்தில் மறுபடியும் கூடப்போவதை அந்த அச்சகத்தில் யார் அறிந்திருக்க முடியும்?

இதற்கிடையே 1890இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப், சிதறல் குறையை ஒழித்த கேமரா லென்ஸை உருவாக்கிப் பேர் வாங்கினார். ஒளியியல் தொழிலுக்கே அந்தக் குறை பரம எதிரியாக இருந்த காலம் அது. அதே ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி ஜார்ஜ் கூயி, ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளியைச் சமதள ஆடியிலும் குழியாடியிலும் பிரதிபலிக்கச் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழவைத்தார். வட்ட வட்டமாகக் குறுக்கீட்டு வரிகள் தெரிந்தன. குவியத்துக்கு முன்னால் நின்று பார்த்ததற்கும் அதைத் தாண்டிப் பார்த்ததற்கும் இடையில் நடுவட்டம் தலைகீழாகியிருந்தது. வெளிச்சமும் இருட்டும் இடம் மாறியிருந்தன.

குவியத்தைக் கடக்கும் ஒளி, கடக்காத ஒளியோடு ஒப்பிட்டால் அரை அலை அளவுக்குப் பிசகிவிடுகிறது என்பதே அதன் பொருள். ஒரு புள்ளியில் குவிந்தால் அரை அலை. உருளை லென்ஸ் செய்வதுபோல் ஒரு கோட்டில் மட்டும் குவிந்தால் அதில் பாதி, கால் அலை. அந்தக் கால் அலைதான் பிற்பாடு ஒரு பூட்டைத் திறக்கும் சாவியானது. பூட்டு எங்கே இருக்கிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

1909இல் பர்மிங்காமில் ஜான் ஹென்றி பாயின்டிங், சுழலும் ஓர் இயந்திரத் தண்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒளியைப் பற்றி யோசித்தார். தண்டு தன் சுழற்சியை மறுமுனைக்குக் கடத்துகிறது. அப்படியானால் வட்டமாக முனைவாக்கப்பட்ட, அதாவது அதிர்வுத் திசை சுழன்றபடியே செல்லும் ஒளியும் தான் படும் பொருளை முறுக்க வேண்டும். கணக்குப் போட்டார், முறுக்கு இருந்தது. ஆனால் அளவு அத்தனை நுண்ணியது. அதைக் கருவியில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை தனக்கு அதிகம் இல்லை என்று அவரே எழுதிவைத்தார்.

27 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ரிச்சர்ட் பெத் அதைப் பிடித்தார். குவார்ட்ஸ் தகடு ஒன்றை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காற்று நீக்கிய பாத்திரத்துக்குள் தொங்கவிட்டார். தகட்டுக்குள் ஒளியைக் கீழிருந்து அனுப்பி, மேலேயிருந்து திருப்பி, இரண்டு முறை கடக்க வைத்தார். ஊசல் இப்படியும் அப்படியும் திரும்பும் கதிக்கு இசைவாக ஒளியின் சுழலையும் வலமிடமாக மாற்றிக்கொண்டே இருந்தார். கண்ணுக்குத் தெரியாத முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அளக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1936இல் முடிவை வெளியிட்டார். ஒளியின் சுழற்சிக் கணக்கு அத்தோடு தீர்ந்தது போலத் தோன்றியது. பாதிக் கணக்குதான் தீர்ந்திருந்தது.

மீதிப் பாதி லேசர் ஆய்வகத்தில் ஒளிந்திருந்தது. 1960 மே மாதம் கலிபோர்னியாவில் தியடோர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். எதிரெதிரே இரண்டு ஆடிகள், நடுவில் ஒளியைப் பெருக்கும் பொருள் என்பதுதான் அதன் அமைப்பு. பக்கங்களோ திறந்தே கிடக்கின்றன. பக்கம் திறந்த பெட்டிக்குள் ஒளி நிலையான வடிவம் எடுக்குமா, சிந்திப்போய்விடாதா என்ற கேள்வி பலரை உறுத்தியது. பெல் ஆய்வகத்தில் கார்ட்னர் ஃபாக்ஸும் டிங்யே லீயும் அந்த வழக்கைக் கணினியிடம் கொண்டுபோனார்கள். ஓர் அலையை இரண்டு ஆடிகளுக்கிடையே கணக்கிலேயே நூற்றுக்கணக்கான முறை ஓடவிட்டார்கள். ஆரம்பத்தில் தாறுமாறாக ஆடிய வடிவம், ஓட ஓட அடங்கி, ஒரே உருவில் வந்து நின்றது.

1961இல் அதே பெல் ஆய்வகத்தில் கேரி பாய்டும் ஜேம்ஸ் கார்டனும் வளைந்த ஆடிகளுக்கான சமன்பாட்டைத் தீர்த்தார்கள். விடையில் வந்து உட்கார்ந்தவை எர்மீத்தின் கோவைகள். அந்த ஒளியைச் சுவரில் விழவிட்டால், புள்ளிக் கோலம் போல வரிசை வரிசையாக வெளிச்சத் திட்டுகள் தெரியும். ஒன்று, இரண்டு, நான்கு என்று சதுரங்கக் கட்டம்போல் அவை அடுக்கப்பட்டிருக்கும். அதே சமன்பாட்டை வட்டத்துக்கு ஏற்ற முறையில் தீர்த்தால் லாகெரின் கோவைகள் வந்தன. அவை வளையக் கோலங்கள். பலவற்றில் நட்டநடு இருட்டு, சுற்றிலும் ஒளி வட்டம். லேசர் ஆடிகள் வட்டமானவை. நியாயமாக வளையக் கோலம்தான் பிறந்திருக்க வேண்டும். பெரும்பாலான லேசர்களில் பிறந்ததோ கட்டக் கோலம்.

காரணம் சாதாரணமானது. வாயுக் குழாயின் முனைகளில் சாய்த்து ஒட்டிய கண்ணாடிச் சன்னல்கள், ஆடி மேல் படிந்த ஒரு தூசு, இம்மி பிசகிய ஒரு திருகு. இவற்றில் ஒன்று போதும், வட்டச் சமச்சீர் உடைந்து கட்டக் கோலம் ஜெயித்துவிடும். ஆகவே வளையக் கோலம் எப்போதாவது வந்து போகும் விருந்தாளியாகவே முப்பது ஆண்டுகள் இருந்தது. வந்தபோதும் அதன் அழகை ரசித்துப் படம் பிடித்தார்களே தவிர, அது கையில் என்ன கொண்டுவந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

கேள்விக்கு வழி சம்பந்தமில்லாத இடங்களிலிருந்து திறந்தது. அண்டார்டிகாப் பனியின் ஆழத்தை ரேடியோ எதிரொலியால் அளக்கும் முயற்சி, பிரிஸ்டலில் ஜான் நையையும் மைக்கேல் பெரியையும் அலைகளில் ஏற்படும் முறிவுகளைப் பற்றி யோசிக்க வைத்தது. அலைமுகம் ஓர் அச்சைச் சுற்றித் திருகிக்கொண்டு போகும் இடங்கள் உண்டு என்றும், அந்த அச்சில் அலையே அற்றுப்போகும் என்றும் 1974இல் இருவரும் காட்டினார்கள். வளையக் கோலத்தின் நடு இருட்டுக்கு அதுவே விளக்கம். அங்கே அலையின் எல்லா நிலைகளும் ஒன்றாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த ஒளி வெறும் வளையம் அல்ல, திருகு. திருகு என்றால் எதையாவது திருக வேண்டுமே?

1990 வாக்கில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் கிறிஸ்டியன் டாமும் கார்ல் வைஸும் இரண்டு திட்டுகள் கொண்ட கட்டக் கோலத்தை உருளை லென்ஸ் வழியே அனுப்பி வளையமாக்கினார்கள். மறு ஆண்டே ரஷ்யாவின் சமாராவில் அப்ரமோச்கினும் வொலோஸ்ட்னிகோவும், இது அந்த ஒரு கோலத்துக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அல்ல என்று நிறுவினார்கள். கட்டக் குடும்பத்தின் எந்த உறுப்பினரையும் வளையக் குடும்பத்துக்கு அனுப்பலாம், திரும்பவும் கூட்டிவரலாம். கணக்கு கையில் வந்துவிட்டது. இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன பயன் என்பது மட்டும் எஞ்சியிருந்தது.

அதைச் சொன்னவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கூடிய நால்வர்: பிரிட்டனிலிருந்து வந்திருந்த லெஸ் ஆலன், லைடனின் ஹான் வூர்ட்மன், இளைஞர்களான மார்கோ பையர்ஸ்பெர்கனும் ராபர்ட் ஸ்ப்ரீயுவும். லேசர் கற்றையின் சமன்பாடும் குவாண்டம் இயக்கவியலின் சமன்பாடும் உருவத்தில் ஒன்றே. குவாண்டம் உலகில் லாகெரின் கோவைகள் வரும் இடத்தில் சுற்றுக் கோண உந்தமும் வரும். அப்படியானால் வளையக் கற்றையிலும் அது இருந்தாக வேண்டும். 1992இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதைத் தெளிவாகக் காட்டியது. அலைமுகம் எத்தனை மடங்கு திருகியிருக்கிறதோ, கற்றையின் ஒவ்வொரு ஃபோட்டானும் அத்தனை மடங்கு கோண உந்தத்தைச் சுமக்கிறது. பெத் அளந்த சுழற்சி முனைவாக்கத்தால் வந்தது, அதற்கு ஃபோட்டானுக்கு ஓர் அலகுதான் உச்சவரம்பு. இந்தப் புதியதற்கு வரம்பே இல்லை. முப்பது ஆண்டுகளாக ஆய்வகச் சுவர்களில் அது விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

சரி, அந்தக் கற்றையை வேண்டும்போதெல்லாம் உண்டாக்குவது எப்படி? 1993இல் பையர்ஸ்பெர்கன் குழு விடையைச் செய்முறையாகவே எழுதியது. முதலில் லேசருக்குள் மயிரிழை போன்ற கம்பி ஒன்றைக் குறுக்கே நீட்ட வேண்டும். கம்பி இருக்கும் இடத்தில் ஒளி இருக்க முடியாது. ஆகவே கற்றை இரண்டாகப் பிளந்து கட்டக் கோலம் எடுக்கும். கம்பியைத் திருப்பி, அந்தக் கோலத்தை 45 பாகை சாய்த்து வைக்க வேண்டும். அதன்பின் ஒரே மாதிரியான இரண்டு உருளை லென்ஸ்கள். அவற்றின் இடைவெளி, குவியத் தூரத்தைப் போல் √2 மடங்கு. 10 செ.மீ. லென்ஸ் என்றால் 14.1 செ.மீ. இவ்வளவுதான் முழுக் கருவியும்.

நடந்தது என்ன? சாய்ந்து நிற்கும் இரட்டைத் திட்டைக் கணக்கில் பிரித்தால், ஒரு படுக்கை இரட்டையும் ஒரு செங்குத்து இரட்டையும் சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதுதான் அது. இரண்டு லென்ஸ்களுக்கும் இடைப்பட்ட அந்த 14 செ.மீ. தூரத்தில் ஒரு திசை மட்டும் தனியே குவிகிறது. கூயி கண்ட பிசகு இரண்டு இரட்டைகளையும் வெவ்வேறு அளவில் தாக்கி, ஒன்றை மற்றதற்குக் கால் அலை பின்னால் தள்ளுகிறது. இப்போது படுக்கை இரட்டை உச்சத்தில் இருக்கும்போது செங்குத்து இரட்டை பூச்சியம்; அது உச்சத்துக்கு வரும்போது இது பூச்சியம். கூட்டினால் ஒளி ஓர் அச்சைச் சுற்றி ஓட ஆரம்பிக்கிறது. இரண்டாவது லென்ஸைத் தாண்டி வெளியே வருவது, நடுவில் இருட்டுள்ள திருகு வளையம். இடைவெளியைக் குவியத் தூரத்தின் இரு மடங்காக்கினாலோ பிசகு அரை அலையாகிறது. உள்ளே வரும் வளையம் வலத் திருகு என்றால் வெளியே போவது இடத் திருகு.

தொழில் முழுவதும் விரட்டியடித்த சிதறல் குறை, அளந்து வைத்த இடைவெளிக்குள் அடைபட்டதும் கருவியாகிவிட்டது. ஆனால் அந்த ஒளி உண்மையாகவே எதையாவது சுழற்றுகிறதா? உருளை லென்ஸ்களையே இழையில் தொங்கவிட்டு, பெத்தின் வழியில் முறுக்கை அளக்கலாம் என்று லைடன் குழு முன்மொழிந்திருந்தது. விடை வேறு கண்டத்திலிருந்து வந்தது.

1995இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஹலினா ரூபின்ஸ்டைன் டன்லப்பின் குழு, ஹாலோகிராம் வழியே உண்டாக்கிய வளையக் கற்றைக்குள் தாமிர ஆக்சைடின் நுண்துகள்களைச் சிறைபிடித்தது. ஒளியை உறிஞ்சிய கறுப்புத் துகள் நுண்ணோக்கியின் கீழ் சுழன்றது. திருகின் திசையை மாற்றினார்கள். துகளின் சுழற்சியும் திசை மாறியது. 1997இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலனும் மைல்ஸ் பேட்ஜெட்டும் சகாக்களும் கணக்கை இன்னும் இறுக்கினார்கள். ஓர் அலகு திருகுள்ள வளையக் கற்றைக்கு ஓர் அலகு வட்ட முனைவாக்கத்தையும் ஏற்றினார்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தபோது டெஃப்லான் துகள் வேகமெடுத்தது. எதிரெதிராக வைத்தபோது அது அப்படியே நின்றுவிட்டது. பாயின்டிங்கின் முறுக்கும் லைடனின் முறுக்கும் ஒரே காசுதான் என்று அந்தத் துகள் சாட்சி சொன்னது. அந்த அமைப்புக்கு ‘ஒளி ஸ்பேனர்’ என்றே பெயர் வைத்தார்கள்.

1999இல் பேட்ஜெட்டும் யோஹன்னஸ் கூர்ட்டியாலும் ஒரு கோளத்தின் படம் வரைந்தார்கள். முனைவாக்க வகைகளையெல்லாம் ஒரே உருண்டையின் மேற்பரப்பில் குறிக்கும் வழியை 1892இலேயே கொடுத்திருந்தவர் புவான்கரே. அதே உருண்டையில் இவர்கள் ஒளிக் கோலங்களைக் குறித்தார்கள். நடுக்கோட்டில் எர்மீத்தின் கட்டக் கோலங்கள், இரு துருவங்களிலும் லாகெரின் வளையங்கள். நடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குப் போக வேண்டுமா? இரண்டு உருளை லென்ஸ்கள் போதும். தனித்தனிக் குடும்பங்களாகப் பாடத்தில் படித்தவை ஒரே உருண்டையின் வெவ்வேறு ஊர்கள் என்பது படத்திலேயே தெரிந்தது. 1898இன் முகப்புப் பக்கத்தில் கூடிய மூன்று பெயர்களும், மூவருமே எதிர்பார்த்திராத ஒரு விஷயத்துக்காக மறுபடி ஒன்றுசேர்ந்தன.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடித்தது. 2001இல் வியன்னாவில் ஆன்டன் ஸைலிங்கரின் குழு இரண்டு ஃபோட்டான்களின் திருகுகளைக் குவாண்டம் பின்னலில் கட்டியது. 2014இல் அதே நகரத்தின் மேல் 3 கி.மீ. தூரம் காற்றில் கற்றையை அனுப்பி, கோலங்களையே எழுத்துகளாகக் கொண்டு மோட்சார்ட், போல்ட்ஸ்மன், ஷ்ரோடிங்கர் மூவரின் உருவப்படங்களைக் கடத்தினார்கள். 2019இல் பெல் ஆய்வகத்தின் நிக்கலஸ் ஃபான்டேனும் குவீன்ஸ்லாந்தின் ஜோயல் கார்ப்பென்டரும் சகாக்களும், 7 படிகளில் அலைமுகத்தைச் செதுக்கி 210 வளையக் கோலங்களை ஒரே நேரத்தில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார்கள்.

வடிவமைத்த பிசகுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் இத்தகைய கருவிகள் வந்த பிறகு, இரண்டு லென்ஸ்களைப் பழம்பொருள் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். அதே 2019இல் அவற்றுக்கு எதிர்பாராத ஓர் அழைப்பு வந்தது. ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவியின் ஒவ்வொரு கையும் 4 கி.மீ. நீளம். உள்ளே போகும் கற்றையின் பருமன் கொஞ்சம் பொருந்தாமல் போனாலும் ஒளி வீணாகும், கருவியின் கூர்மை மழுங்கும். அந்தப் பிழை ஒரு வளையமாகவே வெளிப்படும்: நடுவில் பொட்டு, சுற்றிலும் வட்டம். கற்றை நகர்ந்தால் கண்டுபிடிக்க நான்கு துண்டாகப் பிரித்த உணரி ஏற்கெனவே எல்லா ஆய்வகத்திலும் உண்டு. அதன் கண்ணுக்கு வளையம் மட்டும் தெரியாது. நான்கு துண்டிலும் சமமாக விழும் எதையும் அது பூச்சியம் என்றே சொல்லும்.

சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபன் பால்மரும் சகாக்களும் இரண்டு உருளை லென்ஸ்களை எடுத்து உணரிக்கு முன்னால் வைத்தார்கள். வளையப் பிழை அவற்றுக்குள் புகுந்து நான்கு திட்டுகள் கொண்ட கட்டக் கோலமாக வெளியே வந்தது. நான்கு திட்டுகள், நான்கு துண்டுகள். பிழை எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை உணரி அந்தக் கணமே சொல்லிவிட்டது. கட்டத்தை வளையமாக்கப் பிறந்த, ‘மோட் கன்வெர்ட்டர்’ என்னும் இந்த லென்ஸ் ஜோடி, எதிர்த் திசையில் ஓடி இந்த வேலையைச் செய்தது. ஒளியியல் மாணவர்கள் மேசைமேல் பொருத்திவிடும் சின்னக் கருவி அது. அதற்குள் ஓடும் ஒவ்வொரு விதியும், வேறு எதையோ தேடிப் போனவர்கள் பல தலைமுறைகளாக விட்டுப்போன சொத்து.